சரிவான மனையில் மாடுலர் வீடா, கான்ட்ராக்டர் வீடா: ஒரு நிகழ்வு ஆய்வு

கணவன், மனைவி, பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள், வாக்கரைப் பிடித்து நடக்கும் மனைவியின் தாயார். இந்த ஐவருக்கும் ஒரு வீடு வேண்டும். மனை ஏற்கெனவே கையில் இருந்தது. முன்பக்கச் சாலையிலிருந்து பின்னெல்லை வரை தரை 1.4 மீட்டர் இறங்குகிறது. மனைக்கு வரும் தெரு 5.5 மீட்டர் அகலம். கடைசித் திருப்பம் செங்கோணத்தில் வளைகிறது. வங்கி கடன் தர ஒப்புக்கொண்டிருந்தது. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாளும் தெரிந்திருந்தது.

கட்டுமான ஆலோசனைக்காக என்னிடம் அவர்கள் வந்தபோது இரண்டு விலைப்பட்டியல்களைக் கொண்டுவந்தார்கள். ஒன்று, வீட்டைப் பெட்டிகளாகச் செய்து அனுப்பும் மாடுலர் தொழிற்சாலை கொடுத்தது, மற்றது மனையிலேயே கட்டித்தரும் கான்ட்ராக்டர் கொடுத்தது. மனைவிக்குத் தொழிற்சாலை வீட்டில் விருப்பம்: வேகம், சுத்தம், மழைக்கு அஞ்ச வேண்டாம். கணவருக்குக் கான்ட்ராக்டர் மீது நம்பிக்கை: கண்ணெதிரே சுவர் எழும்பும், பிடிக்காததை மாற்றலாம். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஆனால் முடிவு இந்தக் காரணங்களால் வரவில்லை. அது எப்படி வந்தது என்பதை எழுதிவைப்பது இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன். குடும்பத்தின் ஒப்புதலோடு, அடையாளங்களை நீக்கி எழுதுகிறேன்.

எதை எதோடு ஒப்பிடுகிறோம்

மாடுலர் வீடு என்றால் அறைகள் முழுப் பெட்டிகளாகவே தொழிற்சாலையில் உருவாகின்றன. சுவர், வயரிங், குழாய், ஜன்னல், பெரும்பாலும் தரை ஓடும் வண்ணமும் உட்பட எல்லாம் முடிந்த நிலையில் டிரெய்லரில் ஏறி வந்து, அஸ்திவாரத்தின் மீது கிரேனால் இறக்கி இணைக்கப்படுகின்றன. சுவர்களைத் தட்டையான பலகைகளாகச் செய்து அனுப்பும் முறை வேறு. சுவீடனில் தனி வீடுகளில் பெரும்பகுதி தொழிற்சாலைத் தயாரிப்பு என்று சொல்லும்போது அந்தப் பலகை வீடுகளும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. அமெரிக்காவில் ‘மேனுபேக்சர்டு ஹோம்’ எனப்படுவதும் வேறு: அது 1976 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் தனி விதிப்படி செய்யப்படுவது. மாடுலர் வீடோ அந்தந்த இடத்தில் மற்ற வீடுகளுக்கு உள்ள அதே கட்டட விதிகளுக்கு உட்பட்டது. மாடுலர் வீடு தரம் குறைந்தது என்று உறவினர் ஒருவர் இவர்களை எச்சரித்திருந்தார். அவர் மனத்தில் இருந்தது வேறு வகை வீடு. பெட்டிகள் சாலைப் பயணத்தின் அதிர்ச்சியையும் கிரேன் தூக்கும் இழுவையையும் தாங்க வேண்டியிருப்பதால், அவற்றின் சட்டத்தில் வழக்கமான வீட்டைவிட அதிக மரமோ எஃகோ இருக்கும். எனவே வலிமையைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை.

விலைப்பட்டியலில் இல்லாதவை

கான்ட்ராக்டர் சொன்ன தொகையை 100 என்று வைத்துக்கொண்டால், தொழிற்சாலை சொன்னது 78. இந்த 22 புள்ளி வித்தியாசம்தான் மனைவியின் ஆர்வத்துக்குப் பெரிய காரணம். நியாயமான ஆர்வம்தான். ஆனால் இரண்டு பட்டியல்களும் ஒரே வீட்டைப் பற்றிப் பேசவில்லை.

தொழிற்சாலை சொன்ன 78 அதன் சொந்த வாசலோடு முடிந்துவிடுகிறது. அஸ்திவாரம், மண் வெட்டல், சரிவைத் தாங்கும் சுவர், சாலை அனுமதி, கிரேன் வாடகை, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்புகள், பெட்டிகள் சேரும் இடங்களில் உட்புறப் பூச்சு, வாசல்படி, திண்ணை எல்லாமே வாங்குபவரின் பொறுப்பு. விற்பனைப் பிரதிநிதி இதை மறைக்கவில்லை. ஆறாம் பக்கத்தில் எல்லாம் இருந்தது, தொகைதான் எழுதப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை கேட்டு வாங்கினோம். அஸ்திவாரமும் தாங்கு சுவரும் 17, போக்குவரத்தும் கிரேனும் 6, இணைப்புகள் 5, சேர்மானப் பூச்சு 3, படியும் திண்ணையும் 3. ஆகமொத்தம் 112.

கான்ட்ராக்டரின் 100 வேறு விதத்தில் குறைவாகக் காட்டியது. அவர் மனையைச் சமதளமாகக் கருதி அஸ்திவாரத்துக்கு விலை போட்டிருந்தார். தாங்கு சுவர் பற்றிக் கேட்டபோது, “அதெல்லாம் கட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்றார். தரை ஓடு, சமையலறை அலமாரி, குழாய்ச் சாமான்கள் ஆகியவற்றுக்கு உத்தேசத் தொகை போட்டிருந்தார். அந்தத் தொகைக்குக் கிடைக்கும் சாமான்களைக் கடையில் பார்த்த பிறகு, இவர்கள் அவற்றை விரும்பமாட்டார்கள் என்பது தெளிவானது. தாங்கு சுவர் 7, சாமான்களின் உண்மை விலைக்கும் உத்தேசத்துக்குமான இடைவெளி 5, அவர் பாதி மட்டும் சேர்த்திருந்த வெளி இணைப்புகள் 2. மொத்தம் 114.

22 புள்ளி 2 ஆகச் சுருங்கியது. 2 புள்ளி என்பது மதிப்பீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும் தொகை. இந்தக் கட்டத்தில் விலையை மேசையிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். நான் பார்த்த வரையில் பெரும்பாலான குடும்பங்கள் இந்த வேலையைச் செய்வதற்கு முன்பே மனத்துக்குள் முடிவெடுத்துவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். இரண்டு பட்டியல்களையும் ஒரே எல்லைக்குக் கொண்டுவராமல் ‘எது மலிவு’ என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது.

காலம்

இதில் தொழிற்சாலைக்குச் சாதகம் உண்டு. அங்கே சுவர்கள் எழும்பும் அதே வாரங்களில் இங்கே அஸ்திவாரம் போடலாம். கான்கிரீட் இறுகும்வரை யாரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆனால் விளம்பரத்தில் வரும் வாரக் கணக்கு உற்பத்தி தொடங்கிய நாளிலிருந்துதான் எண்ணப்படுகிறது. கையெழுத்திட்ட நாளிலிருந்து எண்ணினால் வரைபடம் முடிக்க 10 வாரம், உற்பத்தி வரிசையில் இடம் கிடைக்க 8, தொழிற்சாலையில் 14, மனையில் 6. மொத்தம் 38 வாரம். கான்ட்ராக்டர் பக்கம் வரைபடத்துக்கு 6, கட்டுமானத்துக்கு 44, ஆக 50. மக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அறிக்கை மாடுலர் முறை கட்டுமானக் காலத்தை 20 முதல் 50 சதவீதம் வரை குறைக்கலாம் என்றது. இங்கே கிடைத்தது அந்த வரம்பின் கீழ்முனைக்கு அருகில். 12 வார வாடகை மிச்சம் என்பது ஒரு குடும்பத்துக்குச் சிறிய விஷயமல்ல. அதை மனைவியின் பக்கத்தில் எழுதிவைத்தோம்.

தெருத் திருப்பம்

தொழிற்சாலையின் திட்டம் நான்கு பெட்டிகள். ஒவ்வொன்றும் 12 மீட்டர் நீளம், 3.8 மீட்டர் அகலம், சுமார் 13 டன் எடை. பக்கவாட்டில் நான்கையும் சேர்த்தால் முழு வீடு. பிரதிநிதி மனையை வந்து பார்த்திருந்தார், தெருவை அளக்கவில்லை. அந்த நீளப் பெட்டியோடு டிரெய்லர் 5.5 மீட்டர் தெருவில் செங்கோணம் திரும்ப முடியாது. அளவு நாடாவோடு நின்ற ஓட்டுநர் ஒருவரே அதைச் சில நிமிடங்களில் சொல்லிவிட்டார். இதற்கு இரண்டு மாற்றுகள் முன்வைக்கப்பட்டன.

முதல் மாற்று, பின்தெருவில் கிரேனை நிறுத்தி, பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலாகப் பெட்டிகளைக் கொண்டுவருவது. கிரேன்களைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 100 டன் கிரேன் என்றால் அது தன் காலடிக்கு அருகில் தூக்கக்கூடிய எடை. கை நீளநீள அந்தத் திறன் வேகமாகச் சரியும். 20 மீட்டருக்கு அப்பால் அதில் சிறு பங்கே மிஞ்சும். எனவே இன்னும் பெரிய கிரேன் வேண்டும். அதன் கால்களைத் தாங்கக்கூடிய தரை வேண்டும். அண்டை வீட்டாரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் காப்பீடும் வேண்டும். அண்டை வீட்டார் மறுத்துவிட்டார்கள். அவர்களுடைய இடத்தில் நான் இருந்தாலும் மறுத்திருப்பேன்.

இரண்டாவது, பெட்டிகளைச் சிறிதாக்குவது. நான்குக்குப் பதில் ஒன்பது, ஒவ்வொன்றும் 6.5 மீட்டருக்கு 3.1 மீட்டர். பரப்பளவு ஏறக்குறைய அதேதான். ஆனால் பெட்டிகள் சந்திக்கும் கோடு முன்பு 36 மீட்டராக இருந்தது. இப்போது கிட்டத்தட்ட 58 மீட்டர். அந்தக் கோட்டின் ஒவ்வொரு மீட்டரிலும் தரை மட்டம், சுவர் நேர்த்தி, கூரை நீர்த்தடுப்பு, குழாய் இணைப்பு, தீத்தடுப்பு அடைப்பு ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். விலையும் 7 புள்ளி கூடியது.

சேர்மானத்துக்கு யார் பொறுப்பு

இந்த ஆய்வில் நான் அதிக நேரம் செலவிட்டது இந்தக் கேள்வியில்தான். வீட்டை உருவாக்குவது தொழிற்சாலையா கொத்தனாரா என்பதைவிட, இரண்டு பேரின் வேலை சந்திக்கும் இடத்தில் தவறு நேர்ந்தால் யார் வந்து சரிசெய்வார் என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன்.

தொழிற்சாலை மேசையில் சில மில்லிமீட்டர் பிசகுக்குள் பெட்டியைச் செய்துவிடலாம். மண்ணில் போடும் கான்கிரீட்டில் ஒரு சென்டிமீட்டர் ஏறி இறங்குவது சாதாரணம். பெட்டி வந்து இறங்கும் நாளில் இந்த இரண்டு துல்லியங்களும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. கதவு இறுகினால், கூரைக் கோட்டில் நீர் கசிந்தால், அஸ்திவாரம் மட்டமாக இல்லை என்று தொழிற்சாலை சொல்லும். பெட்டி பயணத்தில் முறுகிவிட்டது என்று அஸ்திவாரம் போட்டவர் சொல்வார். இருவர் சொல்வதும் பாதி உண்மையாக இருக்கலாம். அந்தப் பாதிகளுக்கு நடுவே குடும்பம் நிற்கும்.

இது ஏட்டளவு அச்சமல்ல. நியூயார்க்கின் புரூக்ளினில் 461 டீன் ஸ்ட்ரீட் என்ற 32 மாடி மாடுலர் கட்டடம் 2012 டிசம்பரில் தொடங்கியது. 2014-இல் முடிந்திருக்க வேண்டியது. அந்த ஆண்டே வேலை நின்றது. பெட்டிகள் சரியாகப் பொருந்தாதது, நீர் புகுந்தது ஆகியவற்றை முன்வைத்து, வடிவமைப்பே பிழை என்று கட்டுமான நிறுவனமான ஸ்கான்ஸ்கா கூறியது. செய்த விதம்தான் பிழை என்று மேம்பாட்டு நிறுவனமான பாரஸ்ட் சிட்டி கூறியது. வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2016-இல்தான் குடியிருப்போர் வந்தார்கள். பெரும் சட்டக் குழுக்களை வைத்திருந்த இரண்டு நிறுவனங்களுக்கே இந்த நிலை என்றால், ஒரு தம்பதி என்ன செய்வார்கள்?

எனவே தொழிற்சாலையிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டோம். பெட்டிகளை இறக்கும் குழு உங்களுடையதா, இறக்குவதற்கு முன் அஸ்திவாரத்தை அளந்து ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுவீர்களா, அதன்பின் சேர்மானத்தில் வரும் எல்லாப் பிழைக்கும் நீங்களே பொறுப்பேற்பீர்களா? அவர்கள் பெட்டிகளுக்கு நல்ல உத்தரவாதம் தந்தார்கள். இறக்கும் குழுவைப் பொறுத்தவரை, ‘பரிந்துரைக்கப்பட்ட உள்ளூர் ஒப்பந்தக்காரர்கள்’ பட்டியல் ஒன்றை அனுப்பினார்கள். அந்தப் பதிலைப் படித்ததும் மனைவி, “அப்படியென்றால் நடுவில் இருப்பது நாங்கள்தான்” என்றார். 36 மீட்டர் கோட்டுக்கு அந்த நிலையை ஏற்றிருக்கலாமோ என்னவோ, 58 மீட்டருக்கு நான் பரிந்துரைக்க முடியாது.

பணம் எப்போது கைமாறுகிறது

வங்கி கட்டுமானக் கடனைத் தவணையாகத் தரும்: மனையில் நிற்கும் வேலையைப் பார்த்து, அதற்கு ஏற்ப. தொழிற்சாலையோ தன் வாசலைவிட்டுப் பெட்டி கிளம்புவதற்குள் தன் தொகையில் 90 சதவீதம் கேட்டது. வேலை நடக்கும் வாரங்களில் மனையில் அஸ்திவாரத்தைத் தவிர எதுவும் இருக்காது. எனவே வங்கியும் எதுவும் தராது. அந்த இடைவெளியைச் சேமிப்பிலிருந்து நிரப்ப வேண்டும்.

இதற்குள் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பெட்டி பாதியில் இருக்கும்போது தொழிற்சாலை மூடப்பட்டால்? இந்தத் துறை அதற்குப் பழக்கப்பட்டது. எனாமல் பூசிய எஃகு வீடுகளைச் செய்த அமெரிக்காவின் லஸ்ட்ரான், அரசுக் கடனோடு தொடங்கி, சுமார் 2,500 வீடுகளுக்குப் பிறகு 1950-இல் திவாலானது. அமெரிக்காவின் இன்னொரு கட்டுமான நிறுவனமான கட்டெரா 2021-இல் திவால் பாதுகாப்பு கேட்டது. பிரிட்டனில் மாடுலர் வீடு செய்த இல்கே ஹோம்ஸ் 2023-இல் நொடித்து, திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. அதே ஆண்டு அங்கேயே காப்பீட்டு நிறுவனமான லீகல் அண்ட் ஜெனரல் தன் மாடுலர் தொழிற்சாலையில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. தொழிற்சாலைக்கு நிலையான செலவு அதிகம். ஆர்டர் குறைந்த மாதத்திலும் கூரைக்கும் இயந்திரத்துக்கும் சம்பளத்துக்கும் பணம் கட்ட வேண்டும். கான்ட்ராக்டர் வேலை இல்லாதபோது ஆட்களைக் குறைத்துக்கொண்டு காத்திருக்க முடியும்.

கான்ட்ராக்டர்களும் பாதியில் விட்டுப் போவார்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கட்டி முடித்த வேலைக்கு மட்டும் பணம் கொடுத்து வந்திருந்தால், அவர் போனாலும் நின்ற சுவர் உங்கள் மண்ணில் உங்களுடையதாக இருக்கும். இன்னொருவரை வைத்து அங்கிருந்து தொடரலாம். பாதி முடிந்த பெட்டியை வேறு தொழிற்சாலை எடுத்துக்கொள்வது அரிது. தொழிற்சாலையிடம், கட்டிய பணத்துக்கு வங்கி உத்தரவாதமும், பணம் கட்டிய அளவுக்குப் பெட்டிகளின் உரிமை வரிசை எண்ணோடு மாற்றித் தரும் பத்திரமும் கேட்டோம். இரண்டும் கிடைக்கவில்லை.

தாயாரின் வாசல்

எல்லோரும் கடைசியில் யோசிக்கும் விஷயம் இது. இங்கே முன்னுக்கு வந்தது. அந்த மாடுலர் பெட்டிக்கு அடியில் காற்றோட்டத்துக்கும் குழாய் வேலைக்கும் இடைவெளி வேண்டும். அதன் மேல் தரைச் சட்டத்தின் தடிமன். வாசல் மட்டம் சாலையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயர்ந்தது. வாக்கரோடு ஏற 1 உயரத்துக்கு 12 நீளம் என்ற சரிவில் சாய்தளம் போட்டால் 7.2 மீட்டர் நீளம் தேவை. மனையின் முன்பக்கத்தில் அவ்வளவு இடம் இல்லை. வளைத்துப் போட்டால் நடுவில் ஒரு திரும்புமேடையும் வேண்டும். மனையிலேயே கட்டும் வீட்டில் தரையை 15 சென்டிமீட்டர் உயரத்தில் வைக்கலாம். 1.8 மீட்டர் சாய்தளம் போதும். அந்த அம்மாள் வரைபடத்தில் விரலை வைத்து இரண்டு நீளங்களையும் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

முடிவும் ஒப்பந்தமும்

கான்ட்ராக்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் மாடுலர் முறையிலிருந்து ஒரு பழக்கத்தைக் கடன் வாங்கும்படி நான் வற்புறுத்தினேன். தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கிய பிறகு ஒரு ஜன்னலைக்கூட நகர்த்த முடியாது. அதனால் எல்லா முடிவையும் முன்பே எடுத்துவிடுவார்கள். மாடுலர் வீடு சொன்ன விலையில் முடிவதற்குப் பெருமளவு இந்தக் கட்டாயமே காரணம். அதே கட்டாயத்தை இங்கே நாமே போட்டுக்கொண்டோம். ஒவ்வொரு மின் பொத்தானும், ஓடும், குழாயும் எழுதி முடியும்வரை கடப்பாரை மண்ணைத் தொடவில்லை. 6 வாரம் என்று நினைத்த வரைபட வேலை 9 வாரம் ஆனது.

ஒப்பந்தத்தில் கவனம் செலுத்திய இடங்கள் சில. பணம் முடிந்த வேலைக்கு மட்டும். கூடுதல் வேலை எதுவானாலும் முதலில் விலை, பிறகு கையெழுத்து, அதன் பிறகே வேலை. மண் மூடுவதற்கு முன் அஸ்திவாரக் கம்பி, பூச்சுக்கு முன் குழாயும் வயரிங்கும், ஓடு பதிக்கும் முன் குளியலறை நீர்த்தடுப்பு ஆகியவற்றை நான் பார்த்துப் படம் எடுத்த பிறகே மூடலாம். தொகையில் 5 சதவீதம் ஓராண்டுக்குப் பிடித்து வைக்கப்படும். கான்ட்ராக்டர் முதலில் முகம் சுளித்தார். தாங்கு சுவருக்கு முறையான வடிவமைப்பும் விலையும் கிடைக்கும் என்று புரிந்ததும் ஒப்புக்கொண்டார். வாய்ப்பேச்சில் விட்டுவைத்த வேலைகளில் அவரும் முன்பு நஷ்டப்பட்டிருந்தார்.

நடந்தது

44 வாரக் கட்டுமானம் 53 ஆனது. அஸ்திவாரக் குழியில் மழைநீர் நின்றதில் 3 வாரம், ஜன்னல் தருபவர் தாமதித்ததில் 4, தாயாரின் குளியலறைக் கதவை அகலமாக்கியதில் 2. அந்தக் கதவு மாற்றம் குடும்பமே கேட்டது. அது வரைபடத்திலேயே வந்திருக்க வேண்டியது; ஆனாலும் வீணான மாற்றமல்ல. செலவு 114-க்குப் பதில் 118-இல் நின்றது. தொழிற்சாலையில் செய்திருந்தால் மழையால் இழந்த நேரம் பெரும்பாலும் தப்பியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்பது பெட்டித் திட்டத்தின் மொத்தம் 119-ஐத் தொட்டிருந்தது. அதில் எந்த எதிர்பாராச் செலவும் இன்னும் சேரவில்லை.

முதல் ஆண்டில் தாங்கு சுவரின் பூச்சில் மெல்லிய விரிசலும், சமையலறைக் குழாயடியில் ஒரு கசிவும் வந்தன. பிடித்து வைத்த தொகை இருந்ததால், அழைத்த வாரமே கான்ட்ராக்டர் வந்தார். குழாயை எங்கே உடைத்துப் பார்ப்பது என்று தேட வேண்டியிருக்கவில்லை. மூடுவதற்கு முன் எடுத்த படம் இடத்தைக் காட்டியது.

இதே காலத்தில் வேறொரு குடும்பத்துக்கு மாடுலர் வீட்டையே பரிந்துரைத்தேன். அவர்களுடைய மனை சமதளம், அகலமான சாலை, ஆனால் நல்ல கொத்தனார்களும் தச்சர்களும் தங்கி வேலை செய்ய முன்வராத தொலைவு. கான்ட்ராக்டர் தந்த விலையில் பெரும்பங்கு ஆட்களைக் கொண்டுவந்து தங்கவைக்கும் செலவு. அந்தத் தொழிற்சாலை தன் சொந்தக் குழுவை அனுப்பியது, அஸ்திவாரத்தை அளந்து கையெழுத்திட்டது. கூரைச் சேர்மானத்தில் ஒருமுறை நீர் கசிந்தது. யாரைக் கூப்பிடுவது என்று யாரும் யோசிக்கவில்லை.

சரிவு மனைக் குடும்பத்துக்கும் அந்தத் தெருத் திருப்பம் இல்லாமல், தொழிற்சாலை இறக்கும் பொறுப்பையும் ஏற்று, கட்டிய பணத்துக்கு வங்கி உத்தரவாதமும் தந்திருந்தால், நான்கு பெட்டி வீட்டைத் தயங்காமல் சொல்லியிருப்பேன். தாயாரின் வாசலுக்கு மட்டும், அஸ்திவாரத்தைத் தாழ்த்தி வெட்டிப் பெட்டியைக் கீழே இறக்க முடியுமா என்று முதலில் கணக்குப் பார்த்திருப்பேன்.